புனித பேட்ரிக் திருநாள்: ஊரைவிட்டுப் போனவர்கள் வளர்த்த பண்டிகை

மார்ச் 17 நெருங்கும்போது பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, பச்சை பியர், பச்சையாக ஓடும் ஆறு என்று படங்கள் வந்து குவியும். அது அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் படங்களில் பலவும் அயர்லாந்தில் எடுத்தவையே அல்ல. ஆறு சிகாகோவில் ஓடுகிறது. பச்சை பியர் அமெரிக்கப் பழக்கம். 1950களில் இதே நாளில் நீங்கள் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் போய் இறங்கியிருந்தால், காலையில் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், கம்பெனி லாரிகள் வரிசையாகப் போகும் ஓர் ஊர்வலம், பூட்டிக் கிடக்கும் பப்கள், இவற்றைத்தான் பார்த்திருப்பீர்கள். இந்தப் பண்டிகையைப் புரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்று நாம் பார்க்கும் கொண்டாட்டத்தின் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போன அயர்லாந்து மக்கள் வளர்த்தது. அங்கே வளர்ந்து, பிறகுதான் தாய்நாட்டுக்குத் திரும்பியது.

முதலில் பேட்ரிக் யார் என்று பார்த்துவிடலாம். அவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், ரோமானியர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிரிட்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கடல் கொள்ளையர்கள் அவரைப் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுபோய் அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் அங்கே கால்நடை மேய்த்தார். பிறகு தப்பித்து, நெடுந்தூரம் நடந்து, ஒரு கப்பலைப் பிடித்து ஊர் திரும்பினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அயர்லாந்து மக்கள் தன்னைத் திரும்பி வரச்சொல்லி அழைப்பதாக ஒரு கனவு கண்டு, தன்னை அடிமையாக வைத்திருந்த அதே மண்ணுக்குக் கிறிஸ்தவ மதத்தைப் போதிக்கத் திரும்பிப் போனார்.

இதெல்லாம் பின்னாளில் பக்தர்கள் கட்டிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். லத்தீன் மொழியில் அவரே எழுதிய தன்வரலாறு இன்றும் இருக்கிறது. அவர் எழுதிய ஒரு கடிதமும் கிடைத்திருக்கிறது. தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களைப் படைவீரர்கள் பிடித்துப்போய் அடிமையாக்கியதைக் கண்டித்து எழுதியது அது. அடிமையாக இருந்த ஒருவர், பிறரை அடிமையாக்கியவர்களை எதிர்த்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு எழுதிய கடிதம். இந்த ஒரு காரணத்துக்காகவே பேட்ரிக் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பாம்புக் கதைதான் பின்னால் சேர்ந்தது. அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் பேட்ரிக் கடலுக்குள் விரட்டினார் என்பார்கள். பனியுகம் முடிந்த பிறகு அந்தத் தீவில் பாம்புகளே இருந்ததில்லை. பனி உருகிக் கடல் மட்டம் உயர்ந்து தீவு தனியாகிவிட்டதால், பாம்புகள் போய்ச் சேர வழியில்லாமல் போயிற்று. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பதை மூன்று இலை கொண்ட ஷாம்ராக் செடியைக் காட்டி அவர் விளக்கினார் என்ற கதையும் அவருடைய எழுத்துகளில் இல்லை. அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அது எழுத்தில் வருகிறது. என்றாலும் மக்கள் அந்தச் செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 17 அவர் இறந்த நாள் என்பது மரபு. அதனால்தான் திருநாள் அன்று.

ஷாம்ராக் என்பது எந்தச் செடி? 1890களில் தாவரவியலாளர் நதானியேல் கோல்கன் ஒரு வேலை செய்தார். அயர்லாந்தின் பல பகுதிகளிலிருந்தும் 'உங்கள் ஊரில் உண்மையான ஷாம்ராக் எதுவோ அதை அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கி வளர்த்துப் பார்த்தார். ஒரே செடி வரவில்லை. மஞ்சள் பூப் பூக்கும் சிறிய தீவனச்செடி, வெள்ளைப் பூப் பூக்கும் அதன் உறவுச் செடி என்று வெவ்வேறு செடிகள் வந்தன. 1988-இல் அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோதும் நிலைமை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஆனால் எல்லாச் செடிக்கும் மூன்று இலைதான். அதிர்ஷ்டத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படும் நான்கு இலைச் செடி வேறு. வாழ்த்து அட்டைகளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது, அயர்லாந்துக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே பொறுக்காது.

சரி, பழைய காலத்தில் அயர்லாந்தில் எப்படிக் கொண்டாடினார்கள்? ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில் இந்தத் திருநாள் வருகிறது. இறைச்சி, மது, இனிப்பு என்று ஏதாவது ஒன்றை விட்டு நோன்பு இருக்கும் காலம் அது. இந்த ஒரு நாள் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு விடுப்பு. காலையில் ஷாம்ராக் கொத்து ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு கோயிலில் நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்து இறைச்சியோடு சாப்பாடு. தவக்காலத்துக்காக மிட்டாயை விட்டிருந்த பிள்ளைகள் அன்று மிட்டாய் தின்னலாம். பெரியவர்கள் மாலையில், சட்டையில் இருந்த ஷாம்ராக்கைக் கடைசிக் கோப்பைக்குள் போட்டு, வாழ்த்துச் சொல்லிக் குடித்துவிட்டு, அந்த இலையை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் எறிவார்கள். ஷாம்ராக்கை முக்குவது என்று அதற்குப் பெயர். பெண் குழந்தைகளுக்குப் பச்சை ரிப்பன், யாழ் படம் பதித்த சின்ன பேட்ஜ். அந்தக் காலக் கொண்டாட்டம் இவ்வளவுதான், வீடும் கோயிலும் சார்ந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் பேட்ரிக்குக்கு உரிய நிறமாக நீலத்தைச் சொன்னவர்கள் உண்டு. 1783-இல் பிரிட்டிஷ் அரசர் பேட்ரிக் பெயரில் உருவாக்கிய வீரர் பட்டத்துக்கும் நீலம்தான் நிறம். அயர்லாந்தின் அரசுச் சின்னத்தில் இன்றும் நீலப் பின்னணியில் பொன்னிற யாழ் இருக்கிறது. 1798-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் பச்சையைத் தங்கள் நிறமாக்கினார்கள். அதற்குப் பிறகு பச்சை அணிவது அரசியல் நிலைப்பாடாகவும் ஆயிற்று.

பண்டிகையின் போக்கை மாற்றியது பஞ்சம். 1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழுகிப்போனது. ஏழைகளுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841-இல் எண்பது லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, பத்தே வருடத்தில் அறுபத்தைந்து லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இன்று அமெரிக்காவில் மட்டும் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வேர் அயர்லாந்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அயர்லாந்துக் குடியரசின் மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பேட்ரிக் திருநாள் பஞ்சத்துக்கு முன்பே இருந்தது. பாஸ்டனில் 1737-இல் கொண்டாடினார்கள். நியூயார்க்கில் 1762-இல், அதாவது அமெரிக்கா சுதந்திரம் அறிவிப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்து வீரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டீன் ஊரில் 1601-லேயே ஓர் ஊர்வலம் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் பழைய கணக்கேடுகளிலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். பஞ்சத்தில் வந்து சேர்ந்தவர்களோ கையில் காசில்லாத கத்தோலிக்கர்கள். அவர்களை வெறுத்து, அவர்களுக்கு எதிராகவே 1850களில் ஒரு கட்சி வளர்ந்தது. அந்தச் சூழ்நிலையில் வருடத்துக்கு ஒரு நாள், ஊரின் முக்கியமான தெருவில், பேண்டு வாத்தியத்தோடு ஆயிரக்கணக்கில் நடந்து போவது சாமி கும்பிடும் விஷயம் மட்டுமா? நாங்கள் இங்கே இருக்கிறோம், இவ்வளவு பேர் இருக்கிறோம், எங்களுக்கும் ஓட்டு உண்டு என்று ஊருக்குக் காட்டுவது அது. ஊர்வலம் இந்தப் பண்டிகையின் உயிராக ஆனது இப்படித்தான்.

நியூயார்க் ஊர்வலத்தில் இன்றும் அலங்கார வண்டிகள் கிடையாது. எல்லோரும் நடந்துதான் போக வேண்டும். அயர்லாந்து வம்சாவளியினர் நிறைந்திருந்த 69-ஆம் காலாட்படைப் பிரிவு முன்னால் போகும். போலீஸ், தீயணைப்புத் துறை, பள்ளிக்கூட பேண்டுகள், அயர்லாந்தின் ஒவ்வொரு மாவட்டத்தின் பெயரிலும் உள்ள சங்கங்கள் எல்லாம் ஐந்தாம் அவென்யூ வழியாக, புனித பேட்ரிக் பேராலயத்தைத் தாண்டிப் போகும். இந்த ஊர்வலத்தில் யாருக்கு இடம் என்ற சண்டையும் நடந்திருக்கிறது. தன்பாலின ஈர்ப்பாளர்கள் தங்கள் பதாகையோடு நடக்கப் பல ஆண்டுகள் அனுமதி மறுத்தார்கள். 2015-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் ஊர்வலம் இன்னொரு கூட்டத்தை இவ்வளவு காலம் ஒதுக்கி வைத்தது எனக்கு வருத்தமான விஷயம்.

சிகாகோ ஆற்றைப் பச்சையாக்கியது பிளம்பர்கள். கழிவுநீர் எந்தக் கட்டடத்திலிருந்து ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு சாயப்பொடி வைத்திருந்தார்கள். சந்தேகப்படும் குழாயில் அதைக் கரைத்து ஊற்றினால், ஆற்றில் எங்கே பச்சை தெரிகிறதோ அந்தக் குழாய்தான் கசிகிறது என்று அர்த்தம். அந்தப் பொடி வேலை செய்த ஒருவரின் உடுப்பில் பளிச்சென்ற பச்சைக் கறையாக இருந்ததைப் பார்த்துத்தான், ஆறு முழுவதையும் இப்படி ஆக்கினால் என்ன என்ற யோசனை பிளம்பர்கள் சங்கத் தலைவருக்கு வந்ததாம். 1962-இல் 100 பவுண்டு பொடியைக் கொட்டினார்கள். ஒரு வாரம் ஆறு பச்சையாகவே கிடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அளவைக் குறைத்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறையில் பழைய ரசாயனத்தை விட்டுவிட்டுத் தாவரப் பொடிக்கும் மாறினார்கள். இன்று சுமார் 40 பவுண்டு போதும், பச்சை சில மணி நேரம் நிற்கும். பொடி பார்ப்பதற்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு படகில் நின்றபடி அதை ஆற்றில் தூவுவார்கள். இன்னொரு படகு பின்னாலேயே வளைந்து வளைந்து போய்த் தண்ணீரைக் கலக்கும். கலக்கக் கலக்க ஆரஞ்சு கரைந்து பச்சை விரியும். இன்றும் அந்த வேலையைச் செய்வது பிளம்பர்கள் சங்கம்தான்.

இனி அயர்லாந்துக்குத் திரும்புவோம். 1903-இல்தான் அங்கே இது சட்டப்படி பொது விடுமுறை ஆயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜேம்ஸ் ஓமாரா என்ற அயர்லாந்து உறுப்பினர் கொண்டுவந்த மசோதா அது. அயர்லாந்து பிரிட்டனிடமிருந்து விடுபட்டுச் சுதந்திர அரசு வந்த பிறகு 1927-இல், குடித்துவிட்டுத் திருநாளைக் கெடுக்கக்கூடாது என்று பப்களை அன்று மூடச் சட்டம் போட்டார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் அந்தத் தடை இருந்தது. டப்ளினில் அன்று சட்டப்படி மது கிடைத்த ஓரிடம் நாய்க் கண்காட்சி. நாய்களிடம் அதுவரை ஆர்வம் காட்டாதவர்கள்கூட அன்று அங்கே கூடுவார்கள் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. 1931-இல் டப்ளினில் அரசு ஊர்வலம் தொடங்கியது. பிற்பாடு அது தொழில் நிறுவனங்கள் தங்கள் சரக்கை லாரியில் ஏற்றிக் காட்டும் அணிவகுப்பாக மாறியது. அமெரிக்காவிலிருந்து பண்டிகைக்கு வந்தவர்கள், எங்கள் ஊரில் இதைவிடப் பிரமாதமாகச் செய்வோமே என்று சொல்லும் நிலைமை. 1990களில்தான் அரசு விழித்துக்கொண்டது. 1996-இல் பேட்ரிக் விழா என்று புதிதாகத் தொடங்கி, இசை, தெருநாடகம், பெரிய பொம்மைகள் என்று பல நாள் திருவிழாவாக ஆக்கினார்கள்.

இன்றைய டப்ளின் ஊர்வலம் அதன் தொடர்ச்சிதான். மதிய வாக்கில் நகரத்தின் வடபகுதியில் உள்ள பார்னல் சதுக்கத்தில் கிளம்பி, ஓகானல் தெரு வழியாக வந்து, பாலத்தில் லிஃபி ஆற்றைக் கடந்து, தென்பகுதியில் போய் முடியும். கால்வேயின் மக்னாஸ் போன்ற தெருநாடகக் குழுக்கள் கட்டும் பிரம்மாண்ட உருவங்களைப் பார்க்கவே கூட்டம் கூடும். அமெரிக்காவிலிருந்து கல்லூரி பேண்டுகள் கடல் கடந்து வந்து வாசிப்பார்கள். ஊர்வலத்தை வளர்த்தவர்களின் வாரிசுகள் அதைத் தாய்நாட்டுத் தெருவில் நடத்திக் காட்டுவது போல இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், டப்ளினைவிடச் சின்ன ஊர்களின் ஊர்வலம்தான் பார்க்க வேண்டியது. டிராக்டர், தீயணைப்பு வண்டி, உள்ளூர் விளையாட்டுக் கழகத்தின் குட்டிப் பிள்ளைகள், நடனப் பள்ளி மாணவிகள், இவ்வளவுதான் அதில் இருக்கும். வேடிக்கை பார்ப்பவருக்கு நடப்பவர் எல்லோரையும் தெரியும். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் ஊரில் குழலும் முரசும் வாசிக்கும் குழு, இருட்டு விலகாத காலை 6 மணிக்கே தெருவில் இறங்கிவிடும். பகலில் கூட்டம் சேர பிரிட்டிஷ் அரசு தடை போட்டிருந்த காலத்தில், விடிவதற்குள் நடந்து முடித்துவிடலாம் என்று தொடங்கிய வழக்கம் அது என்பார்கள். தடை போய் எவ்வளவோ காலம் ஆகியும் நேரத்தை அவர்கள் மாற்றவில்லை. கார்க் மாவட்டத்தில் டிரிப்சி என்ற கிராமத்தில் ஒரு பப்பிலிருந்து எதிர்ப்பக்கத்து பப் வரைக்கும் மட்டுமே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உலகிலேயே மிகச் சிறிய ஊர்வலம் என்று சில ஆண்டுகள் பெயர் வாங்கியது. அந்த இரண்டில் ஒரு பப் மூடப்பட்டதும் ஊர்வலமும் நின்றுபோனது.

மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழி வாரம் என்று ஒன்றும் நடக்கும். பெயர்தான் வாரம், இரண்டு வாரத்துக்கும் மேல் போகும். தினமும் ஆங்கிலத்திலேயே பேசுகிறவர்கள்கூட அந்த நாள்களில் கடையில், அலுவலகத்தில் தங்களுக்குத் தெரிந்த அளவு ஐரிஷ் பேசிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டிலும் கடல் கடந்த கதை உண்டு. அமெரிக்காவில் பேட்ரிக் திருநாள் என்றால் உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும். அயர்லாந்தில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும்தான் வழக்கம். நியூயார்க்கில் குடியேறியவர்களுக்குப் பக்கத்துத் தெரு யூதக் கசாப்புக்கடைகளில் மலிவாகக் கிடைத்தது அந்த மாட்டிறைச்சி, அதனால் அதற்கு மாறிக்கொண்டார்கள். அயர்லாந்து வீடுகளில் ஆட்டிறைச்சிக் குழம்பு, ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவும் மோரும் சேர்த்துச் சுடும் ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கில் கீரை கலந்த கோல்கானன் எல்லாம் இருக்கும்.

இன்றும் பிரிட்டனோடு இருக்கும் வடக்கு அயர்லாந்திலும் அன்று விடுமுறை. பேட்ரிக் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் டவுன்பேட்ரிக் அங்கேதான் இருக்கிறது. 1900-இல் வைத்த ஒரு பெரிய கருங்கல் பலகை அந்த இடத்தைக் காட்டுகிறது. திருநாளில் அதன்மேல் மலர்வளையம் வைப்பார்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே எவ்வளவோ ரத்தம் சிந்திய மண் அது. ஆனால் பேட்ரிக் அந்தப் பிளவுக்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தவர். இரண்டு தரப்பும் அவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஆர்மா நகரில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள் நிற்கின்றன. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது புராட்டஸ்டண்டுகளுடையது. இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் பேராலயம்.

அயர்லாந்துக்கு வெளியே இந்த நாள் பொது விடுமுறையாக உள்ள இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று கரீபியன் கடலில் இருக்கும் மான்ட்செராட் என்ற சின்னத் தீவு. பிரிட்டனுக்கு உட்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் பலர் கரும்புத் தோட்ட முதலாளிகளாகி, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1768 மார்ச் 17-ஆம் தேதி, முதலாளிகளும் அதிகாரிகளும் பேட்ரிக் விருந்தில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துக் கிளர்ச்சி செய்ய அந்த மக்கள் திட்டம் போட்டார்கள். ஆளுநர் மாளிகைக்குள் வேலை செய்தவர்கள் உள்ளே இருக்கும் வாள்களை எடுக்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் கிடைத்த ஆயுதத்தோடு தாக்க வேண்டும். திட்டம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. ஒன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள்.

1985 முதல் அந்தத் தீவு மார்ச் 17-ஐ விடுமுறை நாளாக அனுசரிக்கிறது, அந்தக் கிளர்ச்சியின் நினைவாக. ஒரு வாரத்துக்கும் மேல் கொண்டாட்டம். முரசும் முகமூடி ஆட்டமும், பச்சை கலந்த கட்டம் போட்ட துணியில் உடைகளும், ஆட்டுத் தண்ணீர் என்று அவர்கள் அழைக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பும். 1995-இல் தொடங்கிய எரிமலை வெடிப்பில் தீவின் தெற்குப் பகுதி பெரும்பாலும் அழிந்து, மக்களில் பாதிக்கும் மேல் வெளியேற வேண்டி வந்தது. அப்படிப் போனவர்கள் ஊருக்கு வருவது இந்தத் திருநாளுக்குத்தான். அடிமைப்படுத்தியவர்கள் விருந்து வைத்துக் கொண்டாடியது, அடிமையாக இருந்து தப்பிய ஒரு மனிதரின் நாளை. அந்த மனிதரின் வாழ்க்கைக்கு நெருக்கமாக நின்றவர்கள் மாளிகைக்கு வெளியே காத்திருந்தவர்கள்தான்.

தமிழர்களுக்கும் பேட்ரிக் பெயர் புதிதல்ல. சென்னை அடையாற்றில் உள்ள புனித பேட்ரிக் பள்ளியைத் தொடங்கியவர்கள், பேட்ரிக் பெயரில் 1808-இல் அயர்லாந்தில் ஆரம்பிக்கப்பட்ட துறவற சகோதரர்கள் சபையினர். யாழ்ப்பாணத்தின் புனித பத்திரிசியார் கல்லூரியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பத்திரிசியார் என்பது பேட்ரிக்கின் தமிழ் வழக்கு. அங்கேயும் அயர்லாந்துப் பாதிரிமார் பலர் கற்பித்திருக்கிறார்கள்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அன்று டப்ளினின் சில தெருக்களில் மாலைக்கு மேல் குடும்பத்தோடு நடப்பது சிரமம்தான். உள்ளூர்க்காரர்கள் சிலர் அன்று நகர மையத்துப் பக்கமே வருவதில்லை. குடிகார அயர்லாந்துக்காரன் என்பது, பிழைக்கப் போன அந்த ஏழை மக்களை இழிவுபடுத்த ஒரு காலத்தில் பத்திரிகைகளில் கேலிச்சித்திரமாகப் போட்டது. அதே உருவத்தைத் தொப்பியிலும் பனியனிலும் அச்சடித்து விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்திலேயே பலருக்குப் பிடிக்காது.

நீங்கள் என்றாவது மார்ச் 17 அன்று அயர்லாந்தில் இருந்தால், டப்ளின் ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் இடம் பிடியுங்கள். ஓகானல் தெருவில் கடைசி நேரத்தில் போய் நின்றால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ஊர்வலம் போகும் வழியில் பேருந்துகளைத் திருப்பி விட்டிருப்பார்கள், நடக்கத் தயாராகப் போங்கள். மழைச் சட்டை அவசியம். பச்சை உடை கட்டாயமில்லை, சட்டையில் ஒரு ஷாம்ராக் கொத்து போதும், அதை முந்தின நாளே கடையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். பேச்சுவழக்கில் இந்த நாளைப் 'பேடிஸ் டே' என்பார்கள். அமெரிக்கர்கள் சிலர் சொல்வது போல 'பேட்டிஸ் டே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே திருத்துவார்கள்.